சென்னை பால்கனியில் குட்டிக் கேக்டஸ் மறுபடி பூக்க

நீங்கள் கேட்டது இது: சென்னையில் அடுக்குமாடி வீடு, கிழக்குப் பார்த்த பால்கனி. நர்சரியில் இரண்டு குட்டிக் கேக்டஸ் வாங்கினீர்கள். உருண்டையாக, வெள்ளை முடி போர்த்திய ஒன்று வாங்கும்போது உச்சியில் வளையமாக இளஞ்சிவப்பில் பூத்திருந்தது; அதற்குப் பிறகு ஒரு மொட்டுகூட இல்லை. இன்னொன்று மழைக்காலத்தில் அடியில் அழுகிச் சாய்ந்துவிட்டது. மாதத்துக்கு ஒரு ஸ்பூன் தண்ணீர் போதும் என்று கடையில் சொன்னார்களாம். அது சரியா, பூ மறுபடி வருமா?

வரும். முதலில் அந்த ஸ்பூனைச் சமையலறைக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். நம் ஊரில் கேக்டஸ் அழுகுவதற்கும் பூக்காமல் போவதற்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: எவ்வளவு தண்ணீர் என்றே யோசிக்கிறோம், எந்த மாதத்தில் என்று யோசிப்பதில்லை. செடி எப்போது குடிக்கும், எப்போது சும்மா இருக்கும் என்பது பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது. புத்தகங்களிலும் வீடியோக்களிலும் வரும் 'ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை தண்ணீர், அக்டோபர் முதல் மார்ச் வரை ஓய்வு' என்ற கணக்கு ஐரோப்பாவுக்காகப் போட்டது. அதை இங்கே அப்படியே பிடித்துக்கொண்டால் சித்திரை வெயிலில் ஈர மண்ணோடு சேர்த்துச் செடியை வேகவைத்துவிடுவோம்.

காலக் கணக்குக்கு வருவதற்கு முன்னால், கையில் இருப்பது என்ன என்று பார்த்துவிடலாம். நீங்கள் சொன்ன அடையாளங்களை வைத்துப் பார்த்தால் அந்த வெள்ளை முடிச் செடி மாமில்லேரியா ஹானியானாவாக இருக்க வேண்டும். மெக்சிகோவின் கெரெடாரோ, குவானாஹுவாட்டோ பகுதி மலைச்சரிவுகள் அதன் ஊர். மாமில்லேரியா பெரிய குடும்பம். 150-க்கும் மேற்பட்ட வகைகள், பெரும்பகுதி மெக்சிகோவில். மற்ற உருண்டைக் கேக்டஸ்கள் பலவற்றில் மேலிருந்து கீழாக வரப்பு ஓடும். இதில் வரப்பு கிடையாது. குட்டிக் குட்டிக் கொம்புகள் சுருள் வரிசையில் இருக்கும், முள் அந்தக் கொம்பின் நுனியிலும் பூ இரண்டு கொம்புக்கு நடுவிலும் வரும். இந்தக் கடைசி விஷயம் முக்கியம், பூவைப் பற்றிப் பேசும்போது திரும்ப வருகிறேன்.

அடுத்த முறை வாங்கும்போது மூன்று விஷயங்களில் கவனமாக இருங்கள். ஒன்று, ஒட்டுப் பூ. காய்ந்த பூவைச் சூடான பசையால் உச்சியில் ஒட்டி விற்கிறார்கள். வாரக்கணக்கில் வாடாமல், இரவும் பகலும் ஒரே மாதிரி விரிந்திருந்தால் சந்தேகப்படுங்கள். பிய்த்து எடுத்தால் செடியின் வளரும் நுனியே கிழியும், அதனால் பிய்க்காமல் செடியைக் கடையிலேயே விட்டுவிடுவது நல்லது. இரண்டு, பச்சைத் தண்டின் மேல் சிவப்பு, மஞ்சள் உருண்டை உட்கார்ந்திருக்கும் 'மூன் கேக்டஸ்'. மேலே இருப்பது ஜிம்னோகலிசியம் என்ற கேக்டஸ் இனத்தில் பச்சையமே இல்லாத ஒன்று. 1940-களின் தொடக்கத்தில் ஜப்பானில் நாற்றுகளுக்கு நடுவே கண்டெடுத்து ஒட்டுக்கட்டிக் காப்பாற்றிய திரிபு அது. கீழே இருப்பது நம் டிராகன் பழத்தின் தண்டு. அதுதான் மேலே இருப்பதற்கும் சேர்த்துச் சமைக்கிறது. அழகாக இருக்கும், சில வருடம் வரும், அவ்வளவுதான். மூன்று, கேக்டஸ் என்ற பெயரில் விற்கும் யூபோர்பியா. கீறினால் பால் வந்தால் அது பெரும்பாலும் கேக்டஸ் இல்லை (மாமில்லேரியாவில் சில வகைகளிலும் பால் வரும் என்பது விதிவிலக்கு). யூபோர்பியா நம் திருகுகள்ளி, சதுரக்கள்ளியின் உறவு. அந்தப் பால் கண்ணில் பட்டால் பெரிய தொல்லை. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைத் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

சரி, அழுகியது ஏன்?

மண்ணைத் தோண்டிப் பார்த்தால் தெரிந்திருக்கும். நர்சரிச் செடிகள் பெரும்பாலும் முழுக்க முழுக்கக் கோகோபீட்டில், அதாவது தேங்காய் நார்த்தூளில்தான் வருகின்றன. இந்தியாவில் கேக்டஸ் வளர்ப்புக்குப் பெயர்போன ஊர் மேற்கு வங்கத்துக் காலிம்போங். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1250 மீட்டர் உயரம், குளிர்ந்த இரவுகள், மேலே கூரை, அளந்து ஊற்றும் தண்ணீர். அங்கே கோகோபீட் வேலை செய்யும். லாரியில் அனுப்பவும் எடை குறைவு. அதே செடி சென்னைக்கு வந்து, காற்றே ஈரமாக இருக்கும் ஐப்பசியில் நின்றால், கோகோபீட் வாரக்கணக்கில் காயாது. வேருக்குக் காற்று போகாது, பூஞ்சை பிடிக்கும், கழுத்து வரை ஏறும். இதில் இன்னொரு குறும்பு: அதே கோகோபீட் ஒருமுறை சுத்தமாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உள்ளே விடாது. ஊற்றியது ஓரமாக வழிந்து ஓடிவிடும், நடுவில் வேர்ப்பந்து காய்ந்தே கிடக்கும். ஸ்பூன் தண்ணீர்ச் செடிகள் சாவது இந்த வழியில்.

ஆகவே எந்தக் கேக்டஸ் வாங்கினாலும் முதல் வேலை மண்ணை மாற்றுவது. மேலே வெள்ளைக் கூழாங்கல் பசை போட்டு ஒட்டியிருந்தால் அதைப் பெயர்த்துவிடுங்கள். முள் குத்தாமல் பிடிக்க, பழைய செய்தித்தாளைப் பட்டையாக மடித்து இடுப்பில் சுற்றிப் பிடித்தால் போதும், கையுறையைவிட வசதி. கோகோபீட்டை விரலாலும் குச்சியாலும் மெல்ல உதிர்த்து எடுங்கள். ஒட்டிக்கொண்டிருந்தால் தண்ணீரில் அலசலாம். அலசினால் நிழலில் நான்கைந்து நாள் வெறும் வேரோடு காய வைத்துவிட்டு நடுங்கள். பயப்பட வேண்டாம், ஒரு வாரம் மண் இல்லாமல் இருந்தால் கேக்டஸுக்கு ஒன்றும் ஆகாது. ஈர வேரில் காயத்தோடு நட்டால்தான் ஆபத்து. நட்ட பிறகும் ஒரு வாரம் தண்ணீர் கிடையாது.

மண் கலவையைப் பற்றி ஊருக்கு ஊர் ஒரு மந்திரம் சொல்வார்கள். எல்லாவற்றிலும் அடிப்படை ஒன்றே: முக்கால் பங்கு கல்லாக இருக்க வேண்டும், கால் பங்கு மட்கியதாக இருக்க வேண்டும். ப்யூமிஸ், பெர்லைட் போன்ற துளை நிறைந்த லேசான கற்கள் எல்லாம் ஆன்லைனில் கிடைக்கும், வாங்க முடிந்தால் வாங்குங்கள். எனக்குப் பிடித்தது நம் சூளைச் செங்கல்தான். உடைத்து, மிளகு அளவிலிருந்து பட்டாணி அளவு வரை சலித்து, தூளைக் கழுவி எடுத்துவிட வேண்டும். செங்கல் சில்லு கொஞ்சம் நீரைப் பிடித்துக்கொள்ளும், சில்லுகளுக்கு நடுவே காற்றும் இருக்கும். இதில் இரண்டு பங்கு, கழுவிச் சலித்த பருமணல் ஒரு பங்கு, நன்றாக மட்கிய இலைத்தூள் ஒரு பங்கு, பொடித்த அடுப்புக்கரி ஒரு கைப்பிடி. வேப்பம்புண்ணாக்கு ஒரு தொட்டிக்கு ஒரு சிட்டிகை போடலாம், அதிகம் போட்டால் மழை நாளில் பூஞ்சை பூக்கும். மண்புழு உரத்தை மூட்டையாகக் கொட்ட வேண்டாம். நாளாக ஆகக் களி மாதிரி இறுகிவிடும், பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டியதில்லை. எம்-சாண்ட் என்றால் மாவை முழுக்க அலசிவிட்டுக் கரகரப்பை மட்டும் எடுங்கள். கடற்கரை மணல் கூடவே கூடாது, உப்பு. இடித்த வீட்டின் செங்கலும் வேண்டாம், அதில் ஒட்டியிருக்கும் சிமெண்டும் சுண்ணாம்பும் மண்ணைக் காரமாக்கும். கேக்டஸ் விரும்புவது லேசான புளிப்பு மண்.

தொட்டி செடியைவிட ஒரு அங்குலம் அகலமாக இருந்தால் போதும். மண்தொட்டியா பிளாஸ்டிக்கா என்றால் சென்னைக்கு என் ஓட்டு மண்தொட்டிக்கு. பக்கவாட்டிலும் ஈரம் ஆவியாகும், வெயிலில் வேர் வேகாது. கண்ணாடிக் கிண்ணத்தில் ஓட்டையே இல்லாமல் பரிசுப் பொருளாகத் தருகிறார்களே, அதை மேசை அலங்காரம் என்று எண்ணிக்கொள்ளுங்கள், செடி வளர்ப்பு என்று எண்ண வேண்டாம்.

இனி தண்ணீர். கேக்டஸ் எப்படி மூச்சு விடுகிறது என்று தெரிந்தால்தான் இதற்கு அர்த்தம் வரும். மற்ற செடிகள் பகலில் இலைத்துளையைத் திறந்து காற்றை எடுக்கும். வறண்ட ஊரில் பகலில் திறந்தால் நீர் எல்லாம் ஆவியாகிவிடும் என்பதால் கேக்டஸ் இரவில்தான் திறக்கிறது. எடுத்த கரியமில வாயுவை அமிலமாக மாற்றிச் சேர்த்து வைத்துக்கொண்டு, விடிந்ததும் துளையை மூடிவிட்டு, வெளிச்சத்தில் அந்த அமிலத்தைப் பிரித்துச் சர்க்கரை செய்கிறது. இந்த விஷயத்தின் ஆரம்பகாலச் சான்றுகளில் ஒன்று நம் பக்கத்திலிருந்தே போனது. மதராஸ் மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் தாவரவியலாளராக வேலை பார்த்த ஜெர்மானியர் பெஞ்சமின் ஹைன், ரணகள்ளி இலையைக் காலையில் மென்றால் புளிக்கிறது, மதியம் சப்பென்று இருக்கிறது, மாலையில் லேசாகக் கசக்கிறது என்று லண்டனுக்கு எழுதினார். 1815-ல் அது அச்சானது. ரணகள்ளி கேக்டஸ் இல்லைதான், ஆனால் அதே இரவு வேலைக்காரச் செடி.

இதிலிருந்து நமக்கு என்ன? இரவு குளிர்ந்தால் துளை நன்றாகத் திறக்கும், செடி வளரும். இரவும் புழுக்கமாக இருந்தால் திறப்பது குறையும், வளர்ச்சி நின்றுபோகும். வளராத செடி தண்ணீரை எடுக்காது. எடுக்காத தண்ணீர் சூடான மண்ணில் தேங்கி வேரை அழுகவைக்கும். மெக்சிகோ மேட்டுநிலத்தில் பகலில் எவ்வளவு காய்ந்தாலும் இரவு சில்லென்று ஆகிவிடும். மழையும் ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் முக்கியமாகப் பெய்யும். அப்போது செடிகள் வயிறு முட்டக் குடிக்கும். குளிர்காலம் வறட்சி. கேக்டஸுக்குத் தண்ணீரே ஆகாது என்பது கட்டுக்கதை. வளரும் பருவத்தில் அது நன்றாகவே குடிக்கும்.

சென்னையில் சிக்கல் என்னவென்றால், அது ஓய்வெடுக்க வேண்டிய ஐப்பசி, கார்த்திகையில்தான் நமக்கு அடைமழை. வருட மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. அது வளர வேண்டிய ஏப்ரல், மே மாதங்களில் இரவுகூட அனல். ஆகவே நம் ஊரில் கேக்டஸுக்கு வருடத்தில் இரண்டு வளர்ச்சிக் காலம், இரண்டு ஓய்வுக் காலம் என்று வைத்துக்கொள்வது சரியாக இருக்கும்.

பொங்கல் கழிந்து தை பாதியிலிருந்து பங்குனி வரை முதல் வளர்ச்சி. மொட்டு தெரிந்ததும் தண்ணீரைத் தொடங்கலாம். அப்புறம் சித்திரை, வைகாசி. அக்னி நட்சத்திரம் முடியும்வரை செடி கோடைத் தூக்கத்தில் இருக்கும். லேசாகச் சுருங்கினாலும் பரவாயில்லை. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, பொழுது சாய்ந்த பிறகு, தொட்டி தொட்டுப் பார்த்துக் குளிர்ந்திருந்தால் மட்டும் கொஞ்சம். ஆனி முதல் புரட்டாசி வரை இரண்டாவது வளர்ச்சி. மாலை மழை, மேகம், கொஞ்சம் குளிர்ந்த இரவு. இதுதான் நன்றாகத் தண்ணீரும் சத்தும் கொடுக்க வேண்டிய காலம். ஐப்பசி பிறந்ததும் செடியை மழை படாத இடத்துக்கு மாற்றிவிடுங்கள். பால்கனியின் உள் ஓரம் போதும், சாரல் அடித்தால் மேலே ஒளி புகும் ஷீட். காற்றின் ஈரமே போதும், தண்ணீர் வேண்டாம். மார்கழி முழுக்க அப்படியே உலர விடுங்கள். கோயம்புத்தூர், ஓசூர் பக்கம் இருப்பவர்களுக்குக் கோடைத் தூக்கம் அவ்வளவு ஆழமில்லை, அங்கே ஏப்ரலிலும் தண்ணீர் விடலாம்.

விடும்போது அடி ஓட்டையில் வழியும்வரை விடுங்கள். பிறகு முழுக்கக் காயும்வரை தொடாதீர்கள். காய்ந்ததா என்று தெரிய, மூங்கில் குச்சியை அடிவரை செருகிக் கொஞ்ச நேரம் வைத்து எடுத்துப் பாருங்கள். ஈரமோ மண்ணோ ஒட்டியிருந்தால் இன்னும் இரண்டு நாள். சிலர் தொட்டியைத் தூக்கி எடை பார்த்தே சொல்லிவிடுவார்கள், பழகினால் உங்களுக்கும் வந்துவிடும். மேல்மண்ணை நனைத்துவிட்டுப் போகும் ஸ்பூன் தண்ணீர் அடியில் இருக்கும் வேரைப் பட்டினி போடுகிறது. செடி உடனே சாகாமல் பல மாதம் உயிரைப் பிடித்துக்கொண்டிருப்பதால் நாம் அதைச் சரியான வழி என்று நம்பிவிடுகிறோம். முடி போர்த்திய வகைகளுக்கு உச்சியில் ஊற்ற வேண்டாம், ஓரமாக ஊற்றுங்கள். சென்னை போர் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் நிறைந்தது. மண்மேல் வெள்ளைப் படலம் படிவது அதனால்தான். மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டால் நல்லது. ஆர்.ஓ. இயந்திரம் கழித்து விடும் தண்ணீரை ஊற்றாதீர்கள், உப்பு இன்னும் அதிகம்.

வெளிச்சத்துக்கு உங்கள் கிழக்குப் பால்கனி தங்கம். காலை வெயில் நான்கைந்து மணிநேரம் விழுந்தால் மாமில்லேரியாவுக்குப் போதும். தொட்டியைக் கைப்பிடிச் சுவர் உயரத்துக்கு ஏற்றி வையுங்கள். தரையில் வைத்தால் பாதி வெயில் சுவரோடு போய்விடும். வீட்டுக்குள் மேசையில் வைத்த கேக்டஸ் மெல்ல மெல்ல நுனி கூர்ந்து, வெளிறி, மேலே இழுத்துக்கொண்டு வளரும். அந்த உருவம் திரும்பச் சரியாகாது. அதேபோல உள்ளே இருந்ததைத் திடீரென்று முழு வெயிலில் வைத்தால் தோல் வெந்து வெளுத்து, பிறகு பழுப்புத் தழும்பாகும். இரண்டு மூன்று வாரம் எடுத்துப் படிப்படியாகப் பழக்குங்கள். ஏப்ரல், மே மாதத்தில் 50 சதவீத ஷேட் நெட் கட்டினால் தப்பில்லை.

இப்போது பூ. மாமில்லேரியா பூவை எப்போதும் உச்சியின் நட்டநடுவில் வைக்காது. நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி வளையமாக வைக்கும். ஏனென்றால் பூ வருவது போன பருவத்தில் வளர்ந்த கொம்புகளின் இடுக்கிலிருந்து. போன வருடம் எத்தனை புதுக் கொம்பு வந்ததோ, அதற்கேற்பத்தான் இந்த வருட மொட்டு. நீங்கள் வாங்கியபோது இருந்த வளையம் நர்சரியில் கிடைத்த நல்ல வளர்ச்சியின் பலன். உங்களிடம் வந்த பிறகு ஸ்பூன் தண்ணீரில் அது வளரவே இல்லை. வளராததால் பூக்க இடமில்லை. இப்போது மண்ணை மாற்றி, ஆனி முதல் புரட்டாசி வரை ஒழுங்காக வளர்த்து, மார்கழியில் உலர வைத்தால், அடுத்த தை, மாசியில் மொட்டு எதிர்பார்க்கலாம். முதல் வருடம் முழு வளையம் வராமல் ஒரு பக்கம் மட்டும் நாலைந்து பூ வந்தால் ஏமாற வேண்டாம், அந்த நேரத்தில் வளர்ந்தது அவ்வளவுதான்.

மார்கழி உலர்ச்சியை நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். பாவம், காய்ந்து கிடக்கிறதே என்று தண்ணீர் ஊற்றிவிடுகிறார்கள். கொஞ்சம் குளிர்ந்த இரவும் காய்ந்த மண்ணும் சேர்ந்துதான் செடியை வளர்ச்சியிலிருந்து பூப்பதற்குத் திருப்புகின்றன. சென்னையில் ஜனவரி இரவு சுமார் 20 டிகிரிதான் போகிறது. ஹானியானாவுக்கும், மாமில்லேரியாவில் இன்னொரு வகையான எலோங்கேட்டாவுக்கும் அதுவே ஓரளவு போதும். அதற்கும் மேல் குளிர் கேட்கும் செடிகளை இங்கே வைத்துக்கொண்டு பூவை எதிர்பார்ப்பது வீண்.

உரம் என்றால் வளரும் காலத்தில் மட்டும். விவசாயக் கடைகளில் 0:52:34 என்று கேட்டால் தருவார்கள்; மணிச்சத்தும் சாம்பல்சத்தும் கொண்டது. லிட்டருக்கு ஒரு கிராம், மாதம் ஒருமுறை. இடையில் ஒருமுறை, தழைச்சத்தும் சேர்ந்து மூன்று சத்தும் சமமாக உள்ள 19:19:19 அரை கிராம். சாணம், யூரியா வகையறா போட்டால் செடி ஊதிப் பெருக்கும், முள் அடர்த்தி குறையும், பூ வராது, அழுகல் சீக்கிரம் வரும். மொட்டு வந்த பிறகு இடத்தை மாற்றாதீர்கள், தண்ணீரை ஒரேயடியாக நிறுத்தவும் வேண்டாம். மொட்டு உதிர்வது பெரும்பாலும் அதனால்தான். மேகமூட்டமான நாளில் பூ விரியாது. வெயில் வந்தால் விரியும்.

அழுகிப்போன செடிக்குப் பதில் எதை வாங்கலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கடலோர ஊர்களுக்கு எனக்குத் தெரிந்து மிகவும் ஒத்துவருவது ஜிம்னோகலிசியம். அர்ஜென்டினா, பராகுவே, உருகுவே பக்கத்தில் புல்லுக்கும் புதருக்கும் நடுவே வளர்வது, அதனால் அரை நிழலைத் தாங்கும். மொட்டில் முள்ளும் முடியும் இல்லாமல் வழவழப்பாக இருக்கும். அதை வைத்தே அடையாளம் காணலாம். பால்டியானம் என்ற வகை கெட்டிச் சிவப்பில் பூக்கும். மாமில்லேரியா வருடத்தில் ஒரு பருவம் பூத்து ஓய்ந்துவிடும், இது புது வளர்ச்சி வரும்போதெல்லாம் விட்டு விட்டுப் பூக்கும், ஒவ்வொரு பூவும் பல நாள் நிற்கும். அடுத்தது மெலோகாக்டஸ். கரீபியன் தீவுகளிலும் பிரேசிலிலும் கடலோர வெப்பத்தில் வளரும் இனம், குளிரே வேண்டாம், சொல்லப்போனால் குளிர்தான் ஆகாது. வயதுக்கு வந்ததும் உருண்டை வளர்வதை நிறுத்திவிட்டு உச்சியில் செம்பஞ்சுத் தொப்பி ஒன்றை வளர்க்கும். அந்தத் தொப்பியிலிருந்துதான் குட்டி இளஞ்சிவப்புப் பூக்கள். கியூபாவைச் சேர்ந்த மடான்சானஸ் சிறியது, சீக்கிரம் தொப்பி போடும்.

எகினாப்சிஸ் பூ கை அகலம் இருக்கும், இரவில் விரிந்து மறுநாளே வாடிவிடும். விடியற்காலையில் எழுந்து பார்ப்பவர்களுக்குச் சரி. ரெபூசியா, வேர்க்கடலைக் கேக்டஸ் என்று விற்கும் சாமீசீரியஸ் இரண்டும் ஆண்டிஸ் மலைக் குளிர்ச் செடிகள். ஊட்டி, கொடைக்கானலில் கொத்துக் கொத்தாகப் பூக்கும், சென்னையில் பச்சையாக நிற்பதோடு சரி. 'கிறிஸ்துமஸ் கேக்டஸ்' என்னும் ஷ்லம்பெர்கெராவும் பிரேசிலின் மலைக்காட்டு மரங்களில் ஒட்டி வளர்வது. அதுவும் குளிர்ந்த இரவு கேட்கும்.

வெயிலே விழாத வடக்குப் பால்கனிக்காரர்கள் ரிப்சாலிஸ் வளர்க்கலாம். முள் இல்லை, நூல் நூலாகத் தொங்கும், சிறு வெள்ளைப் பூ, முத்து முத்தாக வெள்ளைக் காய். கேக்டஸ் குடும்பம் முழுக்க அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியது. விதிவிலக்கு இந்த இனத்தின் பாக்சிஃபெரா என்ற ஒரே வகை. அது ஆப்பிரிக்காவிலும் இலங்கைக் காடுகளிலும் மரத்தில் தொற்றித் தானாகவே வளர்கிறது. ஈரக் காற்று அதற்குப் பிடிக்கும்.

பூச்சிகளில் உங்களுக்கு முதலில் வரப்போவது மாவுப்பூச்சி. வெள்ளை முடிச் செடியில் அது ஒளிந்துகொள்வது சுலபம், கொம்பு இடுக்குகளைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். கொஞ்சமாக இருந்தால் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்து, செடியை மறுநாள் வரை நிழலில் வைத்தால் போதும். காரணமே இல்லாமல் வளராமல் நிற்கும் செடியைப் பெயர்த்துப் பார்த்தால் வேரில் வெள்ளை மாவு தெரியும். அது வேர் மாவுப்பூச்சி. வேரைக் கழுவி, இமிடாக்ளோபிரிட் 17.8 எஸ்.எல். லிட்டருக்கு அரை மில்லி கலந்து முக்கி எடுத்து, காயவைத்து, புது மண்ணில் நடுங்கள். பூ இருக்கும்போது இதைத் தெளிக்க வேண்டாம், தேனீக்கள் வரும். உச்சி துருப்பிடித்தது போலப் பழுப்பானால் அது சிவப்புச் சிலந்தி. அதற்கு இமிடாக்ளோபிரிட் வேலை செய்யாது. நனையும் கந்தகம் லிட்டருக்கு இரண்டு கிராம், வெயில் தணிந்த பிறகு. கடும் கோடையில் கந்தகம் அடித்தால் செடி கருகும்.

மாவுப்பூச்சிக்குச் சாயம் தரும் உறவுக்காரர் ஒருவர் உண்டு, கொச்சினீல். 1780-களின் இறுதியில் மதராஸில் கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், சிவப்புச் சாயத்துக்காக அந்தப் பூச்சியை வளர்க்க சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். 1795-ல் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த பூச்சி, சாயத்துக்கு அவ்வளவாக உதவாத மட்ட ரகமாகப் போய்விட்டது. நல்ல சாயம் கிடைக்கவில்லை, ஆனால் சப்பாத்திக்கள்ளியில் ஒரு வகையை ஊர் ஊராகத் தின்று தீர்த்தது.

அழுகல் கழுத்துக்கு மேலே ஏறாமல் இருந்தால் செடியைக் காப்பாற்றலாம். சுத்தமான கத்தியால் குறுக்கே வெட்டிக்கொண்டே மேலே போங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டால் துடையுங்கள். நடுவில் உள்ள வளையத்தில் ஒரு பழுப்புப் புள்ளிகூட இல்லாத இடம் வரும்வரை வெட்ட வேண்டும். இரக்கப்பட்டு ஓரிடத்தில் நிறுத்தினால் மறுபடி அழுகும். இலவங்கப்பட்டைத் தூளோ பூஞ்சைக்கொல்லித் தூளோ தடவி, நிழலில் இரண்டு வாரம் காய வைத்து, காய்ந்த செங்கல் சில்லின் மேல் உட்கார வையுங்கள். வேர் எட்டிப் பார்த்த பிறகுதான் தண்ணீர். பக்கத்தில் குட்டி விட்டிருந்தால் அதையும் இதே முறையில் நடலாம். கையில் கண்ணுக்குத் தெரியாத முள் ஏறிவிட்டால், முயல்காது கேக்டஸைத் தொட்டவர்களுக்கு இது நிச்சயம், வெள்ளைப் பசையைத் தடவிக் காய்ந்ததும் தோலோடு உரித்தெடுங்கள், பெரும்பாலானவை வந்துவிடும்.

பூத்த பிறகு காய் வேண்டுமென்றால் ஒரே செடி போதாது. ஹானியானா, ஜிம்னோகலிசியம் எல்லாம் பெரும்பாலும் தன் மகரந்தத்தை ஏற்காது. வேறு விதையிலிருந்து வந்த இன்னொரு செடியும் அதே நேரத்தில் பூத்திருக்க வேண்டும். ஒரே செடியின் இரண்டு குட்டிகளாக இருந்தால் பயனில்லை. மெலோகாக்டஸ், மாமில்லேரியா புரோலிஃபெரா போன்றவை தனியாகவே காய்க்கும். வண்ணம் தீட்டும் தூரிகையால் இதிலிருந்து எடுத்து அதில் தடவினால் போதும். மாமில்லேரியாவின் காய் சில மாதம் கழித்து, நாம் மறந்தே போன பிறகு, குட்டிச் சிவப்பு மிளகாய் போலக் கொம்புகளுக்கு நடுவிலிருந்து நீட்டும். பழுத்ததும் பிதுக்கி, கழுவி, காய வைத்த விதையை, கொதிநீர் ஊற்றி ஆறவைத்த நைசான மண்மேல் தூவுங்கள், மூட வேண்டாம். தொட்டியோடு ஜிப் பையில் போட்டு வெளிச்சமான நிழலில் வைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும். இதற்கு மட்டும் நம் ஊர்ச் சூடு நல்லது. நாலைந்து மாதம் கழித்துப் பையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து வெளிக்காற்றுக்குப் பழக்குங்கள். முதல் வருடம் நாற்றுக்கு மார்கழி உலர்ச்சி கொடுக்காதீர்கள், அதற்குச் சேமிப்பு கிடையாது. மாமில்லேரியா நாற்று மூன்று நான்கு வருடத்தில் பூக்கத் தொடங்கும்.